ஐந்தரை மணி மீன்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று பள்ளியில் (இங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை) எல்லா வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவம் கொடுத்தார்கள். எல்லாரும் என்றால் இரண்டு பேர். ஆங்கிலத்துக்கு நான், கணக்குக்கு ரெமிஜியுஸ் சார். இன்னொரு வருடம் இருக்கச் சம்மதமா இல்லையா என்று கட்டத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் 30, வியாழக்கிழமை கடைசி நாள். அதற்குள் தராவிட்டால் சம்மதமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

படிவத்தை அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

மாலத்தீவுக்கு நான் வந்தது ஜனவரி 11. எங்கள் தீவின் நீளம் தொள்ளாயிரம் மீட்டர், அகலம் முந்நூறு. மக்கள் 412 பேர், என்னையும் சேர்த்து. பள்ளியில் 96 பிள்ளைகள்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரி ஷஃபீகா இரண்டு சூரை மீன் கொண்டுவந்து கொடுத்தார். படகு கரைக்கு வந்ததும் பிடித்ததில் ஒரு பங்கு படகுக்காரர் வீட்டில் குடியிருக்கும் ஆசிரியருக்குப் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். படகு ஷஃபீகாவின் கணவர் மூசாவுடையது. ஆகவே வெள்ளி தவிர தினமும் எனக்கு மீன் வருகிறது.

நான் மீன் சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் யாருமே சாப்பிட்டதில்லை. சென்னையில் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஏஜெண்ட் தனியாகக் கூப்பிட்டு, "மீன் சாப்பிடுவீங்களான்னு கேப்பாங்க மேடம், சாப்பிடுவேன்னே சொல்லிருங்க. போன தடவை ஒரு சைவக்காரர் ஒரே மாசத்துல பொட்டியக் கட்டிட்டார்" என்றார். சொன்னேன். வந்த அன்று படகுத்துறையில் மூசா கேட்டபோதும் சொன்னேன். ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரியிலிருந்து தினமும் ஐந்தரைக்கு அந்த மீனைத் தூக்குச்சட்டியில் மூடி எடுத்துக்கொண்டு ரெமிஜியுஸ் சார் வீட்டுக்குப் போகிறேன். 112 அடி. அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குறும்பனை. கடற்கரைக்காரர், மீன் வீணாகாது. வாசற்படியில் நின்று வாங்கிக்கொண்டு, தன் வீட்டு முருங்கையிலிருந்து ஒரு கைப்பிடி கீரை தருவார். பண்டமாற்று. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அண்ணன் திருநெல்வேலியிலிருந்து பேசினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றால் அவர்தான்.

"ஏ வடிவு, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிட்டேன். டிசம்பர்ல சேந்துக்கிடலாம். ஒனக்கு மாடி ரூமுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு."

"இங்க ஃபார்ம் ஒண்ணு குடுத்திருக்காங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு வருசம் இருக்கியளான்னு."

"அதுல என்ன யோசன? இல்லன்னு போட்டுட்டு வா. அந்தத் தண்ணிக்கு நடுவுல ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போற?"

நாற்பத்திரண்டு வயதில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். போகலாம் என்பதற்கு: தண்ணீர் உப்பு, படகுப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை, கோயில் கிடையாது, மிக்சி பழுதானால் தலைநகர் மாலேவுக்குத்தான் அனுப்ப வேண்டும். இருக்கலாம் என்பதற்கு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், மாலைக் காற்று. ஐந்தரை மணி வாக்கில் காற்று மிகவும் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு பாடம். ரயிலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். இருபத்தோரு பேரில் ஒரு கை. ஷஃபீகாவின் மகள் நஷ்வா, அம்மாவோடு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். மற்றவர்களின் கேள்விகள்: ரயில் எப்படித் திரும்பும்? எதிரே இன்னொரு ரயில் வந்தால் யார் இறங்கித் தள்ளுவது? நங்கூரம் எங்கே இருக்கும்?

கரும்பலகையில் வரைந்து காட்டியும் போதவில்லை. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, டிக்கெட் எழுதிக் கொடுத்து, வகுப்பையே ரயிலாக்கினேன். எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான் என்று விதி. திருநெல்வேலியில் கிளம்பி வள்ளியூர் தாண்டுவதற்குள் சத்தம் பள்ளி முழுக்கக் கேட்டிருக்கிறது. ரெமிஜியுஸ் சார் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து சன்னலில் நின்றார். கண்டிக்கப் போகிறார் என்று பிள்ளைகள் அடங்கினார்கள்.

"டீச்சர், இது நாகர்கோவில் போகுமா?"

"போகும் சார். ஏறுங்க."

ஏறினார். டிக்கெட் இல்லாததால் நஷ்வா அபராதம் போட்டாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் ஒப்பித்த பிறகுதான் இறங்க விட்டாள்.

செப்டம்பர் 24, புதன்

எங்கள் தீவுக்கூட்டத்தின் தலைமைத் தீவில் ஆசிரியர் பயிற்சி. போக இரண்டு மணி நாற்பது நிமிடம், வர மூன்று மணி ஐந்து நிமிடம். போகும்போது மூன்று முறை வாந்தி எடுத்தேன். சாரும் வந்திருந்தார். பை, தண்ணீர், எலுமிச்சை எல்லாம் கொண்டுவந்திருந்தார். தனக்கு எதுவும் தேவைப்படாத ஆள்.

"படகப் பாக்காதீங்க டீச்சர். தூரத்துல வானமும் தண்ணியும் ஒட்டுதுல்லா, அந்தக் கோட்டப் பாருங்க. அது ஆடாது."

திரும்பும்போது அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்ததில் ஒருமுறைகூட எடுக்கவில்லை. அவரும் அதையே பார்த்தபடி பேசினார். மனைவி இறந்து ஒன்பது வருடம். மகள் ஜெனிஃபா நாகர்கோவிலில் நர்சிங் மூன்றாம் ஆண்டு. ஆறு வருடமாக இங்கே இருக்கிறார். "ஃபோன் பண்ணா முதல்ல, டீச்சர் நல்லா இருக்காங்களான்னுதான் கேப்பா" என்றார்.

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 4, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். மதியத்துக்கு மேல் தென்னை ஓலையில் பின்னிய பெரிய மீனைக் கடலிலிருந்து இழுத்துவந்தார்கள். இருபத்தைந்து அடி இருக்கும். பூதம் மாதிரி வேடமிட்டவர்கள் சாம்பலும் கரியும் பூசிக்கொண்டு பிள்ளைகளைத் துரத்தினார்கள். அதில் ஒரு பூதம் என்னிடம் நின்று, "குட் ஆஃப்டர்நூன், மிஸ்" என்றது. பத்தாம் வகுப்பு ஹாஷிம். உச்சரிப்பு சரியாக இருந்தது.

ஷஃபீகா வீட்டில் விருந்து. மூசா தன் கையாலேயே சூரைத் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். உள்ளங்கை அகலம். நான் சோற்றைப் பிசைந்தேன். மறுபடி பிசைந்தேன். பக்கத்தில் இருந்த ரெமிஜியுஸ் சார், "கேப்டன், அங்க என்ன புகை?" என்று கடலைக் காட்டினார். மூசா திரும்பிப் பார்த்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்புவதற்குள் துண்டு சாரின் வாயில் இருந்தது.

"ரொம்ப ருசி" என்றேன் நான்.

சமையலறைப் பக்கம் இருந்த பெண்களிடமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வேறு எதற்கோ சிரித்திருப்பார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெருநாள் விடுமுறை. ஒரு சூரை. சார் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து தூக்கை வாங்கிக்கொண்டார். முகமும் கழுத்தும் தடித்துச் சிவந்திருந்தன. கேட்டதற்கு வெயில் என்றார். நேற்று நாள் முழுக்க மேகமூட்டம்.

அக்டோபர் 13, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ஒரு படம். கண்ணாடி போட்ட ஆண், சேலை கட்டிய பெண், நடுவில் ஒரு தூக்குச்சட்டி. சட்டிக்கு வெளியே ஒரு மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது. வாலை இதய வடிவில் போட்டிருந்தார்கள்.

யார் வரைந்தது என்றேன். பதினான்கு பேரும் மேசையைப் பார்த்தார்கள். அழித்துவிட்டு இறந்தகால வினைகளை நடத்தினேன். படம் மோசமில்லை. சேலை மடிப்பைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

சின்ன ஊர். அவருக்கு ஒரு வளர்ந்த மகள் இருக்கிறாள். எனக்கும் பெயர் என்று ஒன்று இருக்கிறது. இன்று மீனைக் கொண்டுபோகவில்லை. ஃப்ரீசரில் வைத்தேன். ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை கட்டுரை திருத்தினேன். மூன்று கட்டுரை.

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணன் பேசினார். "டிக்கெட் பாக்கட்டுமா?"

"பாருங்க" என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஃப்ரீசரில் எட்டு மீன். கதவு மூடவில்லை, நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

தாழ்வாரத்தில் சார் எதிரே வந்தார். "படகு போகலையா டீச்சர்?"

"போகுது சார்."

"ஓ" என்றார்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி. இங்கே வேலைநாள். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் படியில் ஒரு பொட்டலம். ஆறு பருப்பு வடை, இன்னும் சூடு ஆறவில்லை. உப்பு ஒரு கல் கூடுதல். யார் வைத்தது என்று எழுதியிருக்கவில்லை. இந்தத் தீவில் கடலைப்பருப்பு வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

ஆறையும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஐஸ் கேட்டு ஷஃபீகா வந்தார். நான் தடுப்பதற்குள் நாற்காலியை நகர்த்தி ஃப்ரீசரைத் திறந்துவிட்டார். இரண்டு மீன் அவர் காலில் விழுந்தன. திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தபோது பக்கத்து அறையில் இருந்த நாகர்கோவில் பிள்ளைகளிடம் தமிழ் பேசப் பழகியவர் அவர். அதனால் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸ், நீ மீன் தின்ன மாட்ட" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே. காலைல தெருவக் கூட்டுறது நாங்கதானே. குப்பை அள்ளுறதும் நாங்கதானே. உன் குப்பைல முள்ளு இல்ல. இந்தத் தீவுல முள்ளு இல்லாத குப்பை உன்னோடது மட்டும்தான்."

"பிறகு ஏன் தினமும் கொண்டுவந்தீங்க?"

"நீ நடக்கணும்ல! வெறுங்கையோட அந்த வீட்டுக்குப் போவியா நீ? மாட்ட. அந்த சார் வெறுங்கையோட இங்க வருவானா? அவனும் மாட்டான். அதான் மீன்." ஷஃபீகா கீழே விழுந்ததை எடுத்து அடுக்கினார். "அஞ்சரைக்கு நாங்க எல்லாம் வெளிய வந்து உக்காந்துக்குவோம், நீ போறதப் பாக்க. பதிமூணு நாளா ஒண்ணுமில்ல. டிவி ரிப்பேர் ஆன மாதிரி இருக்கு."

அவர்கள் கயிற்று நாற்காலிகளில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பதாகத்தான் எட்டு மாதமாக நினைத்திருந்தேன். தினமும் வணக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

"நான் ஊருக்குப் போறேன் ஷஃபீகா."

"யார் சொன்னா?"

"அண்ணன்."

"அண்ணன் சொன்னது சரி. நீ என்ன சொன்ன?"

ஐஸை எடுத்துக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, "மூசா கேக்கறான், இனி மீன் தரணுமா வேண்டாமான்னு. வியாழக்கிழமைக்குள்ள சொல்லு" என்றார். எனக்குக் கெடு வைக்காதவர்கள் இந்தத் தீவில் யாரும் மிச்சமில்லை.

அக்டோபர் 29, புதன்

தலைமையாசிரியர் நசீர் அறைக்குக் கூப்பிட்டார். நாளை கடைசி நாள், படிவம் எங்கே என்றார்.

"கணக்கு சார் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டேன். தகவலுக்காகத்தான் கேட்டேன்.

நசீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆங்கில மிஸ் கொடுத்துவிட்டாரா என்று அவர் இந்த மாதம் நான்கு முறை கேட்டுவிட்டார். இருபது வருடமாகத் தலைமையாசிரியராக இருக்கிறேன். இதற்கு எந்தக் கோப்பில் இடம் என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்."

ஐந்தரைக்குக் கிளம்பினேன். கையில் ஒன்றும் இல்லை. கைகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கயிற்று நாற்காலிகளில் பேச்சு நின்றது. ஷஃபீகா பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தது எனக்குத் தெரிந்தது. வணக்கம் சொன்னேன். ஏழு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

சார் கதவைத் திறந்து என் கையைப் பார்த்தார். "மீன் இல்லையா டீச்சர்?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "உள்ள வாங்க" என்று கதவையும் இரண்டு சன்னல்களையும் முழுசாகத் திறந்து வைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவர்களும் பார்த்தார்கள்.

"சூரை எனக்கு ஆகாது டீச்சர். சின்னப்பவே ஆகாது. ஒரு துண்டு தின்னாலும் ஒடம்பெல்லாம் தடிச்சிரும். வீட்ல எல்லாரும் சூரை தின்னும்போது எங்கம்மா எனக்கு மட்டும் நெத்திலி வச்சுத் தருவா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எட்டு மாசமா வாங்கினீங்களே?"

"பின்னால கட்டடம் கட்டுற அன்வர் இருக்காருல்லா, பங்களாதேஷ்காரர். அவரும் கூட இருக்கிறவங்களும் தின்னாங்க. நீங்க நிறுத்துன மறுநா வந்து கேட்டாங்க, டீச்சருக்கு ஒடம்பு சரியில்லையான்னு."

"பெருநாளன்னைக்குத் தின்னீங்க."

"அன்னைக்கு வேற வழி இல்ல. கேப்டன் உங்க தட்டையே பாத்துட்டிருந்தாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வர மாட்டீங்கல்லா" என்றார் தரையைப் பார்த்து.

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். வெளியே ஏழு பேரும் என்னவென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

"ஃபார்ம் போட்டாச்சா?" என்றார்.

"இல்ல. நீங்க?"

"நீங்க போட்டா போடலாம்னு."

"நீங்க போட்டா போடலாம்னு நானும் இருந்தேன்."

"இப்படி இருந்தா இதுக்கு விடையே வராது டீச்சர். யாராவது ஒருத்தர் முதல்ல போடணும்."

"நான் போடறேன்" என்றேன்.

அதன் பிறகு பேசியதை இங்கே எழுதவில்லை. நேரம் மட்டும் குறிக்கிறேன். 5.48 முதல் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை.

அக்டோபர் 30, வியாழன்

காலை 7.10-க்குக் கையெழுத்துப் போட்டேன். 7.12-க்கு அவர் போட்டார். நசீர் இரண்டு படிவத்தையும் ஒரே கிளிப்பில் மாட்டினார்.

அக்டோபர் 31, வெள்ளி

அண்ணன் பதினோரு மணிக்குப் பேசினார். அவர் ஆரம்பிக்கும் முன் நானே சொன்னேன்.

"டிக்கெட் போட வேண்டாம் அண்ணாச்சி. ஃபார்ம்ல இருக்கேன்னு போட்டுட்டேன். டிசம்பர் லீவுக்கு வருவேன். தனியா வரல."

"பிள்ளைகளக் கூட்டிட்டு டூரா?"

"இல்ல. கணக்கு சார் கூட."

அண்ணன் இருமினார். "என்ன ஆளுக?"

"கணக்கு வாத்தியார்."

"நான் அதக் கேக்கல."

"தெரியும் அண்ணாச்சி. பேரு ரெமிஜியுஸ். குறும்பனை, கடக்கரை ஆளுக. அவருக்கு மொத மனைவி தவறிட்டாங்க, ஒரு மக இருக்கா. நான் யோசிச்சுத்தான் சொல்லுதேன்." ஒவ்வொன்றாக அவர் கேட்டு நான் சொல்வதற்கு எனக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் நாற்பது வினாடி எண்ணினேன்.

"மீன் திங்கிற ஆளு" என்றார் கடைசியில். குரல் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது.

"சூரை திங்க மாட்டாரு."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். "சிரிக்காத ராஜம்" என்று அண்ணன் அதட்டுவது கேட்டது. "நான் யோசிக்கணும் வடிவு. அடுத்த வெள்ளி பேசுதேன்." அவர் வைப்பதற்குள் மதினி ஃபோனைப் பிடுங்கிவிட்டார்.

"அவுக யோசிக்கட்டும், நல்லா யோசிக்கட்டும். நீ சொல்லு. ஆளு எப்படி? ஒன்னவிட ஒசரமா, கட்டையா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதமும் அவர் வாசற்படியின் மேல் நின்றார், நான் கீழே நின்றேன். பள்ளித் தாழ்வாரத்தில் ஆளுக்கொரு சுவரோரமாகத்தான் நடப்போம். படகிலும் விருந்திலும் அவர் வீட்டிலும் உட்கார்ந்தே இருந்தோம். சமதரையில் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன் மதினி" என்றேன்.